நாலு சாண் கொடிக்கம்பி

சின்னப்பிள்ளையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுவதும் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. நான் பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, ஆரத்தித் தட்டு இன்னும் கீழே இறங்கவில்லை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டவுனுக்காரியா? சாணி அள்ளத் தெரியுமா?" என்று கேட்டாள். மணப்பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வீடு எங்கள் தெருவின் கடைசியில். அப்போது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல், இடுப்பில் எப்போதும் ஒரு அருவாள். அவள் புருஷன் குழந்தைவேல், கரும்பு வெட்டப் போன மடுகரையில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். சேதி தெரிந்ததும் சின்னப்பிள்ளை அழவில்லை, பஞ்சாயத்தைக் கூட்டவில்லை. நடந்தே மடுகரைக்குப் போனாள். அந்த வீட்டு வாசலில் ஒரு கிடாரிக் கன்று கட்டியிருந்தது. இவள் காதுத் தோட்டை விற்று அவன் வாங்கிய கன்று. "அவள நீயே வச்சுக்கோ, கன்னு என்னுது" என்று சொல்லி, கயிற்றை அவிழ்த்து, வெயிலில் பாகூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தக் கன்றுதான் வளர்ந்து செவலைப் பசுவானது. அவளுக்கு நிலமில்லை, பிள்ளையில்லை. செவலை கொடுக்கிற பால்தான் அவளுக்குச் சோறு. செவலைக்குச் சோறு எங்கள் கொல்லைப் புல்.

எங்கள் கொல்லை முப்பது குழி நிலம். என் மாமனார் மோட்டார் போட்டுத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், அதனால் சித்திரை வெயிலில்கூடப் புல் பச்சையாக நிற்கும். ஊரில் மற்ற இடமெல்லாம் அப்போது காய்ந்து கிடக்கும். ஏதாவது வரப்பில் நாலு புல் இருந்தால் அதற்கும் ஒரு ஆள் காவல் இருப்பான். கோடையில் எங்கள் கொல்லையை விட்டால் செவலைக்கு வேறு போக்கிடம் இல்லை.

புல் அறுக்கிறவளுக்குப் புல்லே கூலி. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கொல்லைக்காரனுக்கு இடம் சுத்தமாகும், மாட்டுக்காரிக்குத் தீனி கிடைக்கும், யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டாம். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒருத்தி அருவாள் வைத்த கொல்லையில் இன்னொருத்தி அருவாள் வைக்க மாட்டாள். கொல்லைக்காரன் சண்டை போட்டு விரட்டினாலும் சரி, அவளே வாய் திறந்து "நீ அறுத்துக்கோ" என்று சொல்லும்வரை மற்றவள் உள்ளே வரமாட்டாள். எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் மீறினவளை எந்தப் பெண்ணும் தன் பக்கத்தில் நின்று புல் அறுக்க விடமாட்டாள்.

இனி என் மாமனார். பெயர் கண்ணையன். ஊரில் 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றால் அவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினாறு வருஷம் இருந்து, பென்ஷனோடு வந்து உட்கார்ந்தவர். சைகோனில் இடுப்பில் அடிபட்டதால் குனிய முடியாது. துண்டு கீழே விழுந்தால் அடுப்படியில் இருக்கிற நான்தான் ஓடி வந்து எடுத்துத் தர வேண்டும். பதினாறு வருஷம் இருந்தும் அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. பேசுவார், திட்டுவார், குளிக்கும்போது பாடக்கூடச் செய்வார். பென்ஷன் காகிதம் வந்தால் மட்டும் "கண்ணாடியக் காணும், நீ படி" என்று என்னிடம் நீட்டுவார். கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். நான் டவுனில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். அந்தக் காகிதங்களுக்காகத்தான் என்னை மருமகளாக எடுத்தாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்டு வேலை. மாமியார் முன்பே போய்விட்டார். ஆக அந்த மனுஷனோடு பகல் முழுக்க மல்லுக்கட்டியது நான் ஒருத்திதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் சண்டை வந்தது. சின்னப்பிள்ளை புல்லுக் கட்டைத் தென்னைமரத்தில் சாய்த்துத் தன் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். கட்டைத் தூக்கிவிட அவள் ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை, நானும் போனதில்லை. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார்.

"ஏண்டி, எம்மாம் வருசமா என் கொல்லைப் புல்லத் தின்னுது உன் மாடு. தெனம் ஒரு சொம்பு பாலு குடுத்தா இன்னா கொறஞ்சு பூடும்?"

"அறுத்தவளுக்குப் புல்லு. அதான மாமா வழக்கம்?" என்றாள் சின்னப்பிள்ளை. தூரத்து உறவில் அவர் அவளுக்கு மாமா முறை.

"என் தண்ணி, என் மண்ணு. வழக்கம் கிழக்கம்லாம் உன் வூட்டுல வச்சுக்கோ."

அவள் தலைச் சுமையோடு தெருவாசல் வரை போய்விட்டு, அங்கிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி திரும்பிச் சொன்னாள். "புல்லு இன்னா நீ பெத்துப் போட்டதா? நான் வரல. நீயே அறுத்துக்கோ. எங்க, ஒரு தபா குனிஞ்சு காட்டு பாக்கலாம்!"

தெருவில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே நானும் சிரித்தேன். மாமனார் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. "இனிமே என் கொல்லையில கால வச்சே, ஒடச்சுடுவேன்!" என்று கத்தினார்.

ஒரு மாதம் போனது. மழையில் புல் இடுப்பு உயரம் வளர்ந்தது. வேறு பெண்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். "அது சின்னப்பிள்ளை கொல்லையாச்சே" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி அதுகூடச் சொல்லாமல் போனாள். 'சின்னப்பிள்ளை கொல்லை' என்ற வார்த்தையைக் கேட்டதும் அவருக்கு வெறியே பிடித்துவிட்டது. கிணற்றடியில் ஒரு கட்டுவிரியன் வேறு வந்தது. அதற்கும் சின்னப்பிள்ளைதான் காரணம் என்றார்.

அந்த நேரத்தில்தான் பிரான்சிலிருந்து அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி மரியதாஸ் ஒரு தடிப் புத்தகம் அனுப்பினார். சாமான் படங்களும் விலையும் போட்ட புத்தகம். 'கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன், வேண்டியதைப் பார்த்து எழுது, வாங்கி வருகிறேன்' என்று உள்ளே ஒரு சீட்டு. மாமனார் புல் வெட்டுகிற பக்கத்தைத் தேடிப்பிடித்து என் முன்னால் விரித்தார்.

"குனியாம அறுக்கணும். அதான் எனக்கு வேணும். படிச்சுச் சொல்லு, கண்ணாடியக் காணும்."

அந்தப் பக்கத்தில் நாலு சாமான் இருந்தது. முதலாவது, கையால் தள்ளுகிற உருளை மெஷின். எங்கள் கொல்லையில் தென்னங்கட்டையும் பள்ளமும்தான் அதிகம், நாலடி உருளாது என்று அவரே தள்ளிவிட்டார். இரண்டாவது, பெட்ரோல் மெஷின். டின்னைத் தூக்கிக்கொண்டு பெட்ரோலுக்கு யார் அலைவது என்றார். மூன்றாவது, ஆள் உயரக் காம்பு போட்ட பெரிய அருவாள். நின்றபடியே வீசி அறுப்பது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது எனக்குத் தெரியும். அங்க குடியானவன்லாம் இதாலதான் அறுப்பான்."

அது வந்தால் இந்த மனுஷன் நிஜமாகவே அறுத்துவிடுவார். சின்னப்பிள்ளைக்காக நான் கலங்கவில்லை. அவர் ஜெயித்துவிடுவாரே என்றுதான் கலங்கினேன். ஜெயித்துவிட்டு அதைத் தினம் மூன்று வேளை சோற்றோடு எனக்குச் சொல்லிக்காட்டுவாரே!

"இது கோதுமைக்கு மட்டும்தான்னு போட்டிருக்கு மாமா. பச்சைப் புல்லுக்கு ஆகாதாம்" என்றேன். அப்படி ஒரு வரியும் அதில் இல்லை.

நாலாவது படத்தில் ஒரு நீளக் குழாய், நுனியில் தட்டு மாதிரி ஒன்று, கரண்டில் ஓடுவது. கீழே படித்தேன். கத்தி கிடையாது, நைலான் நூல் சுற்றி அறுக்கும் என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நூலால் பூ கட்டலாம், பட்டம் விடலாம், புல்லை எவனாவது அறுப்பானா? வெள்ளைக்காரன் எதையாவது விற்றுவிடுவான், வாங்குவதற்கு என் மாமனார் மாதிரி ஒருவர் இருந்தால் போதும். இதை வாங்கி வைத்துக்கொண்டு இவர் ஊர் சிரிக்க நிற்கப்போகிறார், அப்புறம் வழிக்கு வந்து சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

"இதான் மாமா இப்ப புதுசு. நின்னுக்கிட்டே அறுக்கலாம். பொம்பளைங்ககூடத் தூக்கலாம்னு போட்டிருக்கு" என்றேன். நூல் என்ற வார்த்தையை நான் படிக்கவில்லை. அதே பக்கத்தின் அடியில், நூலுருண்டை தேய்ந்தால் மாற்றுவதற்கு வேறு உருண்டை தனியாக வாங்கவேண்டும் என்று இருந்தது. அதையும் படிக்கவில்லை.

மார்கழியில் மரியதாஸ் அதைக் கொண்டுவந்தார். பெட்டியைப் பிரித்து, நுனியில் தொங்கிய நூலைப் பார்த்ததும் மாமனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இன்னாடி இது, நூலு?" என்றார். மரியதாஸ் சிரித்துக்கொண்டே பொங்கலுக்கு விளக்குப் போட வாங்கிவைத்திருந்த நீள ஒயரை இணைத்து ஸ்விட்சைப் போட்டார்.

அது அறுத்தது. ஒரு பெரிய குளவி கத்துகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு, கோரையையும் அருகையும் தொட்ட மாத்திரத்தில் சிதறடித்தது. அரை மணி நேரத்தில் கிணற்றடி முழுவதும் மழித்த தலை மாதிரி ஆகிவிட்டது. என் கணக்கு அங்கேயே தவிடுபொடி. மாமனார் குழந்தை மாதிரி சிரித்தார். "நான்தான்யா புத்தகத்தப் பார்த்து செலெக்ட் பண்ணேன்" என்று மரியதாஸிடம் என் முன்னாலேயே சொன்னார்.

அன்று முதல் தினம் காலையில் பட்டாளத்துப் பூட்ஸ், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கிவிடுவார். என் முருங்கைக் கன்றின் தோலை அந்த நூல் சுற்றிலும் உரித்தது, பத்து நாளில் கன்று காய்ந்தது. நான் நட்ட கனகாம்பரமும் போனது. கேட்டால் "பட்டாளத்துல இதெல்லாம் சகஜம்" என்பார்.

சின்னப்பிள்ளை வேலிக்கு வெளியே வந்து நின்று பார்த்தாள். அந்த மெஷின் அறுத்த புல் புல்லாக இருக்காது. பொடிப்பொடியாக, மண்ணும் சேறும் கலந்து, சுவரிலும் மரத்திலும் அப்பிக்கொண்டிருக்கும். அவள் வேலி இடுக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய்ச் செவலை முன்னால் போட்டிருக்கிறாள். பசு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டதாம். பேசாமல் அந்த நீளக் காம்பு அருவாளை வாங்கவிட்டிருந்தால் புல் முழுசாக விழுந்திருக்கும். அவர் வேலிக்கு வெளியே தூக்கி எறிகிறதை அவள் அள்ளிக்கொண்டு போயிருப்பாள். நான் பெரிய புத்திசாலி மாதிரி அதையும் கெடுத்தேன்.

அப்புறம் அவள் ஏரிக்கரைக்கு நடந்தாள். அங்கே மற்றவர்கள் அறுத்த மிச்சம்தான் கிடைக்கும். செவலையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மாசி பிறந்தபோது, காலையில் ஒரு வேளை மட்டும்தான் கறந்தாள். ஒரு நாள் தெருவில் என்னைப் பார்த்து, "உன் மாமனாருக்குப் புத்தகம் படிச்சிக் காட்டுனது நீதானாமே? நல்லாருடியம்மா, நல்லாரு" என்றாள். 'உனக்காகத்தான் செய்தேன்' என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தில் துப்பிவிடுவாள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மாசி முதல் வாரத்திலேயே நூல் தீர்ந்தது. வேறு நூல் வேண்டும் என்று மாமனார் மரியதாஸுக்கு எழுதச் சொன்னார். பதில் வருவதற்குள் பொறுக்கவில்லை. கடலோர ஊரான நரம்பையிலிருந்து வருகிற மீன்காரியிடம் தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசி வாங்கிச் சுற்றினார். இரண்டு நிமிஷத்தில் அறுந்தது. மறுபடி சுற்றினார், மறுபடி அறுந்தது. அப்போது பதில் வந்தது. மரியதாஸ் தமிழில் எழுதுகிறவர், மாமனார் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். 'நூல் என்றும், மாற்று உருண்டை தனி என்றும் அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்ததே, அப்போதே எழுதியிருந்தால் கொண்டுவந்திருப்பேனே' என்று எழுதியிருந்தார்.

மாமனார் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "நான் படிக்கத் தெரியாதவன்னு உனக்கு அவ்ளோ இளக்காரம், இல்ல?"

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தாததால் எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் காலையில், கொல்லையில் நான் துணி காயப்போடுகிற கொடிக்கம்பியின் நுனியில் மீதி சுற்றி வைத்திருந்ததைக் குறட்டால் வெட்டிக்கொண்டிருந்தார். தன் சாணால் நாலு சாண் அளந்து வெட்டி, மெஷின் தலைக்குள் சுற்றினார்.

மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தில் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது: கம்பி போடக் கூடாது, தெறித்தால் ஆளைக் கொல்லும். நான் அதை முன்பே படித்திருந்தேன்.

"மாமா, கம்பி போடக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கு. ஆபத்து."

"இருக்கும், இருக்கும். அன்னிக்கு நூலுன்னு இருந்துதே, அதப் படிச்சியா? உனக்கு அந்தச் சின்னப்பிள்ளை கொல்லையில வந்து நிக்கணும், அதான?"

நான் சொன்னேன். ஆனால் ஒரு தடவைதான் சொன்னேன். மெஷினைப் பிடுங்கியிருக்கலாம், பிளக்கை உருவியிருக்கலாம். எப்படியோ போய்த் தொலையட்டும் என்று உள்ளே போய்க் குழம்பைக் கிளற ஆரம்பித்தேன்.

கால் மணி நேரம் வேறு மாதிரி சத்தம் கேட்டது, தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. அப்புறம் ஒரு அலறல். ஓடினேன். மாமனார் மண்ணில் கிடந்தார், பூட்ஸுக்கு மேலே முழங்காலுக்குக் கீழே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவரைத் தூக்கப் பார்த்தேன், அசைக்க முடியவில்லை. கனத்த ஆள். வேலிக்கு வெளியே சின்னப்பிள்ளை தலையில் ஒரு சின்னப் புல்லுக் கட்டோடு நின்றாள். ஏரிக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தவள்.

"அக்கா, ஒரு கை புடிங்க!" என்று கத்தினேன். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கட்டை இறக்கி வைத்தாள். உள்ளே வரவில்லை. "என் கால ஒடைப்பேன்னு சொன்ன கொல்லை இது. நான் எப்டி வர்றது? புல்லு யாருதுன்னு மொதல்ல கேளு உன் மாமனார."

"பாவி! ரத்தம் போவுது, பேரம் பேசுற நேரமாடி இது?" என்றார் அவர்.

"மாடு எலும்பும் தோலுமா நின்னுதே, அப்ப நீ நேரம் பாத்தியா? சொல்லு மாமா. புல்லு யாருது?"

ரத்தம் மண்ணில் ஊறிக்கொண்டே இருந்தது. அவள் கல்தூண் மாதிரி நின்றாள். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன், இரண்டு பேரையும் அறைய வேண்டும் போல இருந்தது.

"உன்னுதுதாண்டி. வந்து தொல!"

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். அவரை முதுகில் சாய்த்து ஒரே தம்மில் தூக்கிக் கட்டிலில் போட்டாள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. சைகோனில் குண்டடி பட்டவனுக்கு இது கொசுக்கடி என்றார். ஊரில் ஊசி போடுகிற கம்பவுண்டர் வந்து, விரல் நீளத்துக்கு ஒரு கம்பித் துண்டை எடுத்துவிட்டுத் தையல் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் சின்னப்பிள்ளை வந்தாள். அருவாள் இடுப்பில் இருந்தது, ஆனால் புல்லில் கை வைக்கவில்லை. நேராக மாமனார் கட்டிலுக்குப் போய், "எம்மாம் கம்பி போட்ட?" என்று கேட்டாள். நாலு சாண் என்றார். "அதுல எம்மாம் மெஷினுல இருக்கு?" பிரித்துப் பார்த்தோம். ஒன்றே கால் சாண் இருந்தது. மற்றதெல்லாம் தெறித்துப் புல்லுக்குள் கிடந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெருவில் ஒருவர் வீட்டு எருது வைக்கோலில் கிடந்த ஆணியை விழுங்கி, நாலு நாள் முக்கி முனகிச் செத்ததை நானும் பார்த்திருக்கிறேன். மாடு மனுஷர் மாதிரி மென்று பார்த்துத் துப்பாது. புல்லோடு போன கம்பி குடலைக் குத்திவிட்டால் அதோடு சரி. புல் இப்போது அவளுடையது. அதில் ஒரு கைப்பிடியைக்கூட அவளால் செவலைக்குப் போட முடியாது.

அவள் ஒரு அடுப்புக் கரித்துண்டு எடுத்துக்கொண்டு வந்தாள். "கைய நீட்டு" என்று மாமனாரின் கையைப் பிடித்து, கட்டிலுக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில் அவர் சாணாலேயே நாலு சாண் அளந்து ஒரு கோடு போட்டாள். "உன் சாணாலதான வெட்டுன? உன் சாணாலதான் தேறணும்" என்றாள். மெஷினில் இருந்ததை அந்தக் கோட்டின் மேல் வைத்தாள், காலிலிருந்து எடுத்ததை அடுத்து வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"படிச்சவதான நீ? வா, வந்து உக்காந்து தேடு."

போனேன். வேறு என்ன செய்ய? பங்குனி முழுக்க, சித்திரை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அந்த முப்பது குழியில் குத்துக்காலிட்டு, புல்லை விரலால் கோதிக் கோதித் தேடினோம். பேன் பார்க்கிற மாதிரிதான். அவள் என்னோடு பேசமாட்டாள். பேசினால் "கண்ணு பொட்டையா உனக்கு?" என்பாள். நான் "நீயே பாரு" என்பேன். முழங்கால் வலிக்கும், முதுகு எரியும். தென்னைமரப் பட்டையில் குத்திக்கொண்டு ஒன்று இருந்தது. கிணற்றுச் சுவரடியில் இரண்டு. என் காய்ந்த முருங்கைக் குச்சியில் ஒன்று. கிடைக்கிற ஒவ்வொன்றையும் அவள் முந்தானையில் துடைத்து, உள்ளே போய், மாமனார் பார்க்கப் பார்க்கக் கோட்டின் மேல் வைத்துவிட்டு வருவாள். செவலை அந்த இரண்டு மாதமும் ஏரிக்கரைப் புல்லிலும் பனையோலையிலும் உயிர் பிழைத்தது. பால் முழுசாக வற்றிவிட்டது.

சித்திரைக் கடைசியில் கோட்டில் ஒரு கட்டைவிரல் அளவுதான் குறைந்தது. போதும், இத்தனூண்டுதானே என்றேன். "உன் வயித்துல இத்தனூண்டு கம்பி இருந்தா போதும்னு சொல்வியா?" என்றாள். மறுபடி முதல் மூலையிலிருந்து ஆரம்பித்தோம். கிடைக்கவில்லை.

மாமனாரின் கால் மட்டும் ஆறவே இல்லை. தையல் போட்ட இடம் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். வைகாசியில் ஒரு நாள் அவரால் தாங்க முடியாமல் கம்பவுண்டரைக் கூப்பிட்டோம். கீறியதும் சீழோடு ஏதோ தட்டுப்பட்டது. இடுக்கியால் இழுத்து எனாமல் கிண்ணத்தில் போட்டார், 'டிங்' என்று சத்தம் கேட்டது. மாமனார் வலியில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்ற சின்னப்பிள்ளை உள்ளே வந்து, கிண்ணத்தைக் கம்பவுண்டர் கையிலிருந்து வாங்கிக் குழாயடியில் கழுவினாள். அந்தத் துண்டை எடுத்துக் கோட்டின் காலியிடத்தில் வைத்தாள். பொருந்தியது. நாலு சாண்.

அவள் எழுந்து அருவாளை இடுப்பிலிருந்து உருவினாள்.

"கால் எப்டி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டியாடி?" என்றார் மாமனார்.

"என் மாட்டுக்கு இனிமே ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

சாயங்காலம் வரை அறுத்தாள். கட்டைக் கட்டி முடித்ததும் என்னைப் பார்த்து, "தூக்கி வுடு" என்றாள். அதுவும் முதல் தடவை. தூக்கி அவள் தலையில் வைத்தேன். கட்டுக்குக் கீழேயிருந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"கம்பி போடாதன்னு அவருகிட்ட எத்தினி தபா சொன்ன?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அவளிடம் பொய் செல்லாது. "ஒரு தபா."

"நானா இருந்தா அதுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். அதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவ்வளவு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. எனக்குப் பிடிக்காத ஒருத்தியிடமிருந்து, அந்த மாதிரி ஒரு வார்த்தையால் ஆறுதல் தேடிக்கொண்டேனே என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. உள்ளே மாமனார் "தண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் போனேன்.